டிரம் கிட் தகராறு செய்தால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

டிரம்மர்கள் தங்கள் கிட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஒரு பட்டியல் வரும். ஷெல் (டிரம்மின் உருளை உடல்) மேப்பிளா பிர்ச்சா, கிக் (காலால் மிதித்து வாசிக்கும் பெரிய டிரம்) 22 அங்குலமா 20 அங்குலமா, டாம் (அடியில் கம்பி இல்லாத, குச்சியால் அடிக்கும் டிரம்) என்னென்ன சைஸ், சிம்பல் (உலோகத் தட்டு) எந்தக் கம்பெனி. கூடவே ஒரு படமும் வரும். படத்தில் தெரியாத சமாச்சாரங்களை யாரும் எழுதுவதில்லை. டாமின் அடிப்பக்க ஹெட் (ஷெல்லின் வாயை மூடி இழுத்துக் கட்டும் படலம்) போட்டு எத்தனை வருடம் ஆகிறது, சிம்பல் ஸ்டாண்டில் பிளாஸ்டிக் ஸ்லீவ் இருக்கிறதா, ஸ்னேர் டிரம்மின் அடியில் படியும் கம்பிகள் சரியாக நடுவில் உட்கார்ந்திருக்கின்றனவா? கிட் தகராறு செய்யும்போது காரணம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஆனால் உதவி கேட்பவருக்குக் கிடைக்கும் முதல் பதில், "இந்த ஹெட்டை வாங்கிப் போடுங்க, சரியாயிடும்" என்பதுதான். வாங்குவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். முதலில், சத்தம் எந்தப் பாகத்திலிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

தேவைப்படுவது டியூனிங் கீ, சின்ன டார்ச், ஒரு ஸ்கேல், பழைய துணி, அவ்வளவுதான். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். எந்த ராடை (ஹெட்டை இறுக்கும் திருகுக் கம்பியை) எவ்வளவு திருப்பினீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்றைச் சேர்த்து மாற்றிவிட்டால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

டாம் அடித்தால் "தொப்" என்று செத்துப் போகிறது

டியூனிங் கீயை எடுப்பதற்கு முன், டாமை மவுண்டிலிருந்து கழற்றுங்கள். ரிம்மை (ஹெட்டை அழுத்திப் பிடிக்கும் வளையத்தை) இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிட்டு, இன்னொரு கையால் ஹெட்டின் நடுவில் தட்டுங்கள். இப்போது நன்றாக ஒலிக்கிறதா? அப்படியானால் டிரம்மில் குற்றமில்லை, அதைத் தாங்கும் அமைப்புதான் ஒலியை விழுங்குகிறது. ஷெல்லுக்குள் குழாய் நுழைந்து நிற்கும் பழைய பாணி மவுண்ட், பக்கத்து டாமின் ரிம்மோடு உரசல், அளவுக்கு மேல் முறுக்கிய கிளாம்ப் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். ரிம்மைப் பிடித்துத் தொங்கவிடும் மவுண்ட் முறைகள் உருவானதே இந்தக் குறையைத் தீர்க்கத்தான். ஃப்ளோர் டாமுக்கும் இதே சோதனைதான். ரிம்மைப் பிடித்துத் தரையிலிருந்து ஒரு விரற்கடை தூக்கி அடித்துப் பாருங்கள். தூக்கினால் கர்ஜித்து, இறக்கினால் அடங்கிவிட்டால் கால்களின் ரப்பரைக் கவனியுங்கள். கல்லாக இறுகிய ரப்பரும், ரப்பரைக் குத்திக்கொண்டு தரையைத் தொடும் கம்பியும் இந்த வேலையைச் செய்யும். காற்றறை வைத்த ரப்பர் கால்கள் தனியாகக் கிடைக்கின்றன. கிட் மொத்தத்திலும் குறைந்த செலவில் நிறைய பலன் தரும் மாற்றங்களில் அது ஒன்று.

தொங்கவிட்டும் சாவுச் சத்தம்தான் என்றால் அடிப்பக்க ஹெட்டைப் பாருங்கள். மேல் ஹெட்டை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் பலர், கிட்டோடு வந்த அடி ஹெட்டை ஆயுள் முழுக்க வைத்திருப்பார்கள். அதில் குச்சி படுவதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் தளர்ந்து போகும். டாம் அடித்தபின் நீளும் ஒலி, மேலும் கீழும் உள்ள இரண்டு ஹெட்களின் உறவிலிருந்து பிறப்பது. இரண்டும் ஏறக்குறைய ஒரே சுருதியில் இருந்தால் ஒலி நீளும். விலக விலகக் குறுகும். அதனால் டியூன் செய்யும்போது அடிப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

ஹெட்டைக் கழற்றி, ஷெல்லின் விளிம்பைத் துணியால் துடைத்து, ஹெட்டையும் ரிம்மையும் வைத்து, எல்லா ராடுகளையும் விரலால் முடிந்தவரை இறுக்குங்கள். பிறகு கீயால் எதிரெதிராக, நட்சத்திர வடிவில், அரைச் சுற்று அரைச் சுற்றாகப் போங்கள். சுருக்கம் மறைந்ததும் நிறுத்தி, மற்ற பக்க ஹெட் ஒலிக்காதபடி டிரம்மை மெத்தென்ற எதன் மேலாவது வையுங்கள். ஹெட்டின் நடுவில் ஒரு விரலை லேசாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ராடுக்கும் எதிரே ரிம்மிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தட்டிக் கேளுங்கள். ஒரு இடம் மட்டும் தாழ்வாக இருந்தால் உடனே அந்த ராடை முறுக்கிவிடாதீர்கள். அதற்கு நேர் எதிரே உள்ள ராடும் காரணமாக இருக்கலாம். எதிர் ராடைக் கொஞ்சம் தளர்த்தியோ இறுக்கியோ பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஹெட்டின் இழுவிசையை அளக்கும் டயல் கருவிகளும், ராடுக்கு ராடு அதிர்வெண் காட்டும் கருவிகளும் உண்டு. சத்தமான இடத்தில் அவசரமாக ஹெட் மாற்றும்போது உதவும். அவை காட்டும் எண் எல்லா இடத்திலும் ஒன்றாக வந்துவிட்டால் டிரம் நன்றாக ஒலிக்கும் என்று நம்பி உட்கார்ந்திருப்பதுதான் பிரச்சினை. கருவி தொடக்கத்துக்கு, முடிவு காதுக்கு.

எவ்வளவு டியூன் செய்தாலும் ஒரே இடத்தில் சுருக்கம்

குற்றவாளிகள் மூவர்: ஹெட், ரிம், ஷெல்லின் விளிம்பு. யார் என்று கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி இருக்கிறது. சுருக்கம் விழும் இடத்தில் ஹெட்டின் மேல் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். ஹெட்டை மட்டும் கால் வட்டம் திருப்பி மறுபடி மாட்டுங்கள். சுருக்கம் கோட்டோடு சேர்ந்து நகர்ந்தால் ஹெட் போய்விட்டது. அதன் பாலியெஸ்டர் படலம் அலுமினிய வளையத்திலிருந்து நழுவியிருக்கும். நகரவில்லையென்றால் ரிம்மை மட்டும் திருப்புங்கள். அதோடு நகர்ந்தால் ரிம் கோணியிருக்கிறது. எதைத் திருப்பினாலும் ஷெல்லின் அதே இடத்தில் நின்றால் விளிம்பில்தான் கோளாறு.

விளிம்பைச் சோதிக்க, ஷெல்லைத் தட்டையான கண்ணாடி அல்லது கிரானைட் பரப்பில் கவிழ்த்து, உள்ளே டார்ச்சைப் போட்டுவிட்டு, அறை விளக்கை அணையுங்கள். வெளிச்சம் கசியும் இடம் பள்ளம். ஸ்னேரின் அடிப்பக்கத்தில் மட்டும் எதிரெதிராக இரண்டு இடங்களில் கசியும், அது குறையில்லை. கம்பிகள் ஹெட்டோடு படிய வேண்டும் என்று வேண்டுமென்றே வெட்டிய பள்ளம். நல்லெண்ணத்தில் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு அதைச் சமன் செய்யக் கிளம்பியவர்கள் உண்டு. விளிம்பு வேலை எதுவானாலும் அதற்கான கருவி வைத்திருப்பவரிடம் விடுங்கள்.

வாசிக்க வாசிக்க ராடு தளர்கிறது

புது ஹெட் போட்ட முதல் சில மணி நேரம் தளர்வது இயல்பு, திரும்ப டியூன் செய்தால் போதும். ஸ்னேரில் எப்போதும் ஒரே ராடு, அதுவும் உங்கள் வயிற்றுக்குப் பக்கத்தில் இருப்பது தளர்கிறதென்றால் ரிம்ஷாட்தான் (ரிம்மையும் ஹெட்டையும் சேர்த்து அடிப்பதுதான்) காரணம். ஒவ்வொரு அடியிலும் அந்த இடத்து ரிம் கணநேரம் கீழே போகிறது. அந்தக் கணத்தில் ராடின் மேல் இழுவிசை இல்லாததால் அது சுழன்று வெளியே வருகிறது. அந்த ராடை வேறொரு லக்கில் (ஷெல்லில் ராடு திருகி ஏறும் பாகத்தில்) போட்டுப் பாருங்கள். பிரச்சினை ராடோடு போனால் ராடை மாற்றுங்கள், லக்கிலேயே நின்றால் உள்ளே திருகு தேய்ந்திருக்கிறது. இரண்டும் நல்ல நிலையில் இருந்தும் தளர்ந்தால் நைலான் வாஷரோ, ராடின் தலையில் மாட்டும் பூட்டோ போடலாம். ராடின் திருகில் டெஃப்லான் டேப்பை ஒரு சுற்று சுற்றினாலும் நிற்கும்.

மிகத் தாழ்ந்த சுருதியில் வாசிப்பவர்களுக்கு இது தீராத தொல்லை. இழுவிசை குறைவாக இருக்கும்போது ராடைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை.

டாம் அடித்தால் ஸ்னேர் கரகரக்கிறது

டிரம்மர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் இந்தப் புகார் வராமல் இருக்காது. முழுதாக ஒழிக்க முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெல்லிய ஹெட்டின் மேல் தளர்வாகக் கிடக்கும் 20 எஃகுக் கம்பிச் சுருள்கள் பக்கத்தில் எது ஒலித்தாலும் அதிரத்தான் செய்யும். எவ்வளவு குறைக்கலாம் என்பதுதான் கேள்வி.

முதலில் ஸ்னேர் லீவரை இறக்கிக் கம்பிகளை விடுவித்துவிட்டு டாமை அடியுங்கள். கரகரப்பு அப்போதும் இருந்தால் கம்பிகளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பழைய கிட்களில் லக்கினுள் சின்ன ஸ்பிரிங் இருக்கும், அது ஆடும். ஷெல்லின் உள்ளே ஏதாவது திருகு தளர்ந்திருக்கும். ஸ்னேர் ஸ்டாண்டின் இறக்கை நட்டுகூட இப்படிச் சத்தம் போடும். ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை டாம் அடிக்கச் சொல்லுங்கள். எதைப் பிடித்தால் நிற்கிறதோ அதுதான்.

லீவரை இறக்கினால் நின்றுவிடுகிறது என்றால் ஸ்னேரைத் திருப்பிக் கம்பிகளைப் பாருங்கள். இரு முனையும் விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும், ஸ்கேல் வைத்தே பாருங்கள். கம்பிகளைப் பிடித்திருக்கும் நாடா ஒரு பக்கம் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் கட்டப்பட்டிருந்தால் கம்பிகள் கோணலாகப் படியும். ஓரிரண்டு கம்பிகள் மட்டும் தொய்ந்து தொங்கினால் கட்டரால் அவற்றை வெட்டி எறியுங்கள். இருபதில் ஒன்று இரண்டு குறைந்தால் காதுக்குத் தெரியாது. தொய்ந்த ஒன்றே ஒன்று மொத்த ஸ்னேரையும் கெடுத்துவிடும்.

அதற்கும் அடங்காவிட்டால் எந்த டாம் தூண்டுகிறது என்று தனித்தனியாக அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஏதாவது ஒரு டாம்தான். அதன் சுருதியும் ஸ்னேரின் சுருதியும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதால்தான் ஸ்னேர் கம்பிகள் எழுந்து ஆடுகின்றன. அந்த டாமின் அடி ஹெட்டை எல்லா ராடிலும் சமமாகக் கால் சுற்று ஏற்றியோ இறக்கியோ பாருங்கள். டாமின் ஒலி உங்களுக்குப் பிடித்திருந்து அதில் கை வைக்க மனமில்லையென்றால் ஸ்னேரை நகர்த்துங்கள். இன்னொரு வழி, ஸ்னேரின் அடி ஹெட்டில் கம்பிகளின் இரு முனைக்கும் இருபுறமும் உள்ள நான்கு ராடுகளை மட்டும் கால் சுற்று முதல் அரைச் சுற்று வரை தளர்த்துவது. பலருக்கு இது கை கொடுக்கிறது. ஸ்னேரின் தெறிப்பு கொஞ்சம் மங்கும் என்பது அதற்கான விலை.

இவ்வளவும் செய்தபின் மிச்சமிருக்கும் கரகரப்பை விட்டுவிடுங்கள் என்பேன். தனியாக உட்கார்ந்து டாம் அடிக்கும்போது கேட்கும் அந்தச் சத்தம், பேஸ் கிட்டாரும் மற்றவையும் சேர்ந்ததும் யாருக்கும் கேட்காது. அதைக் கொல்கிறேன் என்று கம்பிகளை இறுக்கிக்கொண்டே போனால் அடுத்த அறிகுறியில் வந்து நிற்பீர்கள்.

ஸ்னேரை மெதுவாக வாசித்தால் கம்பி பேசுவதில்லை, பலமாக அடித்தால் மூச்சு முட்டுகிறது

கம்பிகள் அளவுக்கு மேல் இறுகியிருக்கின்றன. லீவர் பக்கத்துத் திருகைச் சலசலவென்று ஆகும்வரை தளர்த்திவிட்டு, ரிம் ஓரமாக விரல் நுனியால் மெல்லத் தட்டிக்கொண்டே சிறிது சிறிதாக இறுக்குங்கள். அந்த மெல்லிய தட்டுக்கே தெளிவாகப் பதில் வரும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஒரு சுற்றும் வேண்டாம்.

பதிலே வரவில்லையா? அடி ஹெட்டைச் சந்தேகியுங்கள். ஸ்னேரின் அடியில் போடுவதற்கென்றே செய்யப்படும் ஹெட் மிக மெல்லியது, பொதுவாக 3 மில். ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மேலே போடும் சாதாரண ஒற்றை அடுக்கு ஹெட் 10 மில். இரண்டும் 14 அங்குலம்தானே என்று மேல் ஹெட்டை அடியில் மாட்டி வைத்திருக்கும் ஸ்னேர்கள் நிறைய. செகண்ட் ஹேண்டில் வாங்கியதென்றால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அடி ஹெட்டைச் சரியாக நெருக்கி டியூன் செய்யாமல் தொளதொளவென்று விட்டாலும் இதே கதிதான். மெல்லியது, கிழிந்துவிடுமோ என்ற பயத்தில் பலர் அதைத் தொடுவதே இல்லை. சமமாக இழுத்தால் தாங்கும். கிழிவது கூரான ஏதாவது குத்தினால்தான்.

கிக் டிரம் முன்னால் ஓடுகிறது

முன் கால்கள் இரண்டும் ஒரே நீளத்தில், முன்பக்கம் சாய்ந்து நிற்கின்றனவா பாருங்கள். முன் ரிம் தரையிலிருந்து சிறிது உயர்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் எடை அந்தக் கால்களில் இறங்கும். அதிகமாக உயர்த்திவிட்டால் பெடலின் கிளாம்ப் சரியாகக் கவ்வாது. காலின் நுனியில் ரப்பரைத் திருகி ஏற்றினால் உள்ளே கூர் முனை இருக்கும், கார்ப்பெட் மேல் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். கார்ப்பெட்டோடு சேர்ந்து ஓடினால்? உங்கள் ஸ்டூலும் அதே கார்ப்பெட்டின் மேல் இருக்கட்டும். உங்கள் எடையே அதைப் பிடித்து நிறுத்தும். சின்ன விரிப்பை கிக்குக்கு அடியில் மட்டும் போட்டுவிட்டு அவதிப்படுபவர்கள் ஏராளம்.

கிக் "டொய்ங்" என்று நீள்கிறது

தலையணையைத் திணிப்பதற்கு முன் இரண்டு ஹெட்களையும் சுருக்கம் மறையும் அளவுக்கு மட்டும் இறக்கி டியூன் செய்யுங்கள். பாதி நீளல் அங்கேயே போய்விடும். பிறகு மடித்த துணியோ சின்னத் தலையணையோ இரண்டு ஹெட்களையும் லேசாகத் தொடும்படி வைத்தால் போதும். முன் ஹெட்டில் ஓட்டை வேண்டுமானால் நடுவில் வேண்டாம், ஓரமாக 4 அல்லது 5 அங்குலம். அதைவிடப் பெரிதானால் முன் ஹெட் இருந்தும் இல்லாத கதை.

இதில் ஒரு சிக்கல், ஸ்டூலில் உட்கார்ந்து கேட்கும் கிக் வேறு, எதிரே நின்று கேட்கும் கிக் வேறு. யாரையாவது மிதிக்கச் சொல்லிவிட்டு எதிரே போய் நின்று கேளுங்கள். உங்களுக்கு வெறும் "டப்" என்று கேட்பது அங்கே நல்ல கனத்தோடு வந்து சேர்ந்திருக்கலாம்.

பெடல் கீச்சிடுகிறது, டபுள் பெடலில் இடது கால் பின்தங்குகிறது

கீச்சுக்கு: ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுக் கையால் ஆட்டிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் ஸ்பிரிங் மாட்டும் கொக்கிகளில் உரசல், இருந்தால் பேரிங் அல்லது குதிகால் கீல். துடைத்துவிட்டு லேசான மெஷின் ஆயில் ஒரு சொட்டு. துரு நீக்கும் ஸ்ப்ரேயை எண்ணெய்க்குப் பதிலாக அடிக்காதீர்கள். சீக்கிரம் காய்ந்து பழையபடி கத்தும்.

இடது கால் பின்தங்குவதற்கு எல்லோரும் காலைக் குறை சொல்வார்கள். காலுக்குப் பயிற்சி வேண்டியதுதான், ஆனால் முதலில் இதைப் பாருங்கள். இடது பீட்டரை (கிக்கை அடிக்கும் சுத்தியலை) கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு இடது பலகையை மெல்ல அழுத்துங்கள். பலகை அசைகிறதே, பீட்டர் அசையவில்லையே என்றால் அந்த அசைவு முழுவதும் இணைப்புத் தண்டின் மூட்டுகளில் வீணாகிறது. தண்டின் தட்டையான பக்கத்தின் மேல் திருகுகள் சரியாக அமர்ந்து இறுகியிருக்க வேண்டும். தண்டு எவ்வளவு நேராகக் கிடக்கிறதோ அவ்வளவு நல்லது. செங்குத்தாக வளைந்து போனால் மிதி கனக்கும். இரண்டு பீட்டரின் உயரமும் கோணமும் ஸ்பிரிங் இழுப்பும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். இவ்வளவுக்கும் பிறகு பின்தங்கினால், சரி, கால்தான்.

ஹை-ஹேட் மூடினால் "சிக்" வராமல் "புஸ்" என்கிறது

காலால் திறந்து மூடும் ஜோடிச் சிம்பலான ஹை-ஹேட்டின் இரண்டு தட்டும் அச்சு அசலாகப் பொருந்தி நடுவில் காற்றைச் சிறைபிடிக்கின்றன. கீழ்த் தட்டு அமரும் இடத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும், அதைத் திருப்பினால் தட்டு ஒரு பக்கம் லேசாகச் சாயும். அதற்காகவே வைத்த திருகு. கீழ்த் தட்டில் ஓட்டை போட்ட மாடல்களும், விளிம்பை அலை அலையாக வளைத்த பைஸ்டி நிறுவனத்தின் சவுண்ட் எட்ஜும் இதே காற்றை வெளியேற்றத்தான் வந்தன. கனமான தட்டு கீழே இருக்கிறதா என்றும் பாருங்கள், கழற்றி மாட்டும்போது மாறிப்போவது சகஜம்.

மேல் தட்டு வாசிக்கும்போதே கழன்று விழுகிறதென்றால் கிளட்ச்சின் (மேல் தட்டைத் தண்டோடு பிடிக்கும் பாகத்தின்) அடி நட்டு. அதை நன்றாக இறுக்குங்கள், ஆனால் ஃபெல்ட்டுகளுக்கு நடுவே தட்டு கொஞ்சம் ஆடும்படி மேல் நட்டுகளை வைத்துக்கொள்ளுங்கள்.

சிம்பலில் விரிசல்

விளிம்பிலிருந்து உள்ளே ஓடும் விரிசல், நடு ஓட்டை சாவித் துவாரம் போல நீண்டு தேய்வது என இரண்டு வகை. ஓட்டை தேய்வதற்கு ஒரே காரணம், ஸ்லீவ் இல்லாமல் சிம்பல் நேராக இரும்புத் திருகின் மேல் உரசுவது. காசுக்குக் கூட மதிப்பில்லாத ஒரு பிளாஸ்டிக் குழாய் இல்லாததால் அருமையான சிம்பல்கள் வீணாகின்றன. ஸ்லீவ் வாங்கும்போது ஸ்டாண்டின் திருகு 8 மி.மீ.யா 6 மி.மீ.யா என்று பார்த்து வாங்குங்கள்.

விளிம்பு விரிசலுக்கு இறக்கை நட்டை இறுக்கிப் பூட்டுவதும், விளிம்பின் மேல் குச்சியை நேர்ச் செங்குத்தாக அறைவதும் முக்கியக் காரணங்கள். அடி வாங்கிய சிம்பல் ஊஞ்சலாடினால்தான் அதிர்ச்சி வடியும். விரிசல் வந்துவிட்டதா? விரிசல் முடிவதாகத் தெரியும் இடத்துக்குச் சற்று அப்பால் சின்ன ஓட்டை போட்டு முனையை மழுங்கடித்தால் பரவுவது தாமதமாகும். நிற்கும் என்று உத்தரவாதமில்லை. கடைசல் வரிகளோடு சேர்ந்து வட்டமாக ஓடும் விரிசலுக்கு அதுவும் பெரிதாக உதவாது. பற்றவைக்க மட்டும் கொடுக்காதீர்கள். 80 சதவீதம் செம்பும் 20 சதவீதம் வெள்ளீயமும் கலந்த பி20 வெண்கலமானாலும், 92-க்கு 8 என்று கலந்த பி8 ஆனாலும், சூடு பட்டால் உலோகத்தின் பதம் மாறி ஒலி போய்விடும்.

முதுகு வலிக்கிறது, தோள் இழுக்கிறது, வாசித்தபின் காது இரைகிறது

முதல் இரண்டுக்கும் கிட்டை முழுதாகப் பிரித்து மறுபடி அமைப்பதுதான் வழி. ஸ்டூலில் மட்டும் உட்காருங்கள். இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரத்தில் இருக்கட்டும். கால்கள் தானாக விழும் இடத்தில் பெடல்களை வையுங்கள், நடுவில் ஸ்னேர், பிறகுதான் மற்றவை. ரேக்கையோ (டிரம்களைத் தாங்கும் குழாய்ச் சட்டத்தையோ) கிக்கையோ முதலில் நிறுத்திவிட்டு அதற்கேற்ப உடம்பை வளைப்பதால்தான் முதுகு வலிக்கிறது. அமைந்ததும் கார்ப்பெட்டில் டேப் ஒட்டிக் கால்களின் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

காது இரைச்சலை டியூனிங்கால் சரிசெய்ய முடியாது. அமெரிக்காவில் பணியிடப் பாதுகாப்பையும் சுகாதாரத்தையும் ஆராயும் நியோஷ் அமைப்பு பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும், 100 டெசிபலில் 15 நிமிடம்தான். மூடிய அறையில் கிட் வாசிப்பவர் அந்த 15 நிமிடத்தை வார்ம்-அப்பிலேயே தாண்டிவிடலாம். காதடைப்பான் போடுங்கள்.

எலக்ட்ரானிக் கிட்: ஒரு அடிக்கு இரண்டு ஒலி, அடிக்காத பேடு ஒலிக்கிறது, ஒலி தாமதமாக வருகிறது

ஒரு அடிக்கு இரண்டு ஒலி வந்தால் மெஷ் ஹெட் (வலைத் துணி ஹெட்) தொளதொளப்பாக இருக்கிறதா என்று முதலில் பார்த்து இறுக்குங்கள். பிறகு மாட்யூலில் (ஒலியை உருவாக்கும் பெட்டியில்) த்ரெஷோல்டை, அதாவது ஒலி எழத் தேவையான குறைந்தபட்ச அடியின் பலத்தை, சிறிது உயர்த்தி, மாஸ்க் டைமை, அதாவது ஒரு அடிக்குப் பின் அடுத்ததைக் கண்டுகொள்ளாத நேரத்தை, கொஞ்சம் கூட்டுங்கள். அதிகமாகக் கூட்டினால் ரோல் வாசிக்கும்போது அடிகள் விழுங்கப்படும்.

அடிக்காத பேடு ஒலித்தால், சந்தேகப்படும் பேடை ரேக்கிலிருந்து கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மற்றதை அடியுங்கள். நின்றுவிட்டால் அதிர்வு குழாய் வழியாகப் போகிறது. கிளாம்ப்களை இறுக்கிய பிறகு கிராஸ்டாக் அளவை (ஒரு பேடின் அதிர்வு இன்னொன்றைத் தூண்டாமல் தடுக்கும் செட்டிங்கை) சரிசெய்யுங்கள். ரிம் மட்டும் ஒலிக்கவில்லையா? ஸ்டீரியோ கேபிள் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ மோனோ கேபிளைச் செருகியிருப்பார்கள். பிளக்கில் இரண்டு கறுப்பு வளையம் இருந்தால் ஸ்டீரியோ, ஒன்று இருந்தால் மோனோ.

தாமதம் என்றால் மாட்யூலில் நேராக ஹெட்ஃபோனைச் செருகிக் கேளுங்கள். அங்கே தாமதமில்லையென்றால் கம்ப்யூட்டர்தான். 44.1 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் பஃபர் (கம்ப்யூட்டர் ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் இடம்) ஒன்றே சுமார் 23 மில்லி விநாடி பிடிக்கும். 256-க்கு இறக்கினால் 6-க்குள் வந்துவிடும், 128-க்கு இறக்கினால் அதிலும் பாதி. கம்ப்யூட்டர் திணறிக் கடகடவென்று சத்தம் வந்தால் ஒரு படி ஏற்றிக்கொள்ளுங்கள். புளூடூத் ஹெட்ஃபோனில் கேட்கிறீர்கள் என்றால் எந்த செட்டிங்கையும் தொட வேண்டாம், வயர் வைத்த ஹெட்ஃபோனுக்கு மாறுங்கள்.